இன்டர்வியூ அறையில் மூளை 'பிளாங்க்' ஆவது ஏன்? கார்டிசால் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?

குரூப்1 கனவு

எல்லாருக்கும் வணக்கம். குரூப் 1 மெயின்ஸ் தாண்டி நேர்முகத் தேர்வு வரை போனேன். உள்ளே 73-ஆவது திருத்தத்தைப் பற்றிக் கேட்டார்கள். நான் மற்றவர்களுக்கு வகுப்பே எடுத்த தலைப்பு. வாயைத் திறந்தால் ஒன்றுமே வரவில்லை. "பஞ்சாயத்து ராஜ்..." என்று இழுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து படி இறங்கும்போது 243-ஜி, பதினோராவது அட்டவணை, 29 துறைகள் என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது!

வேலை போனது போகட்டும். அடுத்த முறையும் இதே கதி ஆகுமோ என்பதுதான் இப்போதைய பயம். கூடப் படித்த நண்பன் "உனக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கார்டிசால் ஏறிப்போச்சுடா, ஒரு லேப்ல ஸ்ட்ரெஸ் பேக்கேஜ் போட்டிருக்காங்க, எடுத்துப் பாரு" என்கிறான். இன்னொருவர் செரட்டோனின் குறைவு என்கிறார். யூடியூபில் டோபமைன் டீடாக்ஸ். மூளைக்குள் உண்மையில் என்னதான் நடக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "தைரியமா இரு தம்பி" வகை பதில் வேண்டாம், வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

மொட்டைமாடி

சிம்பிள் தம்பி. மூளை கெமிக்கல் எல்லாம் வீட்டு மாடி டேங்க் மாதிரி. டென்ஷன் ஆனா செரட்டோனினும் டோபமைனும் வடிஞ்சிடும், கார்டிசால் நிரம்பி வழியும். வாழைப்பழம், டார்க் சாக்லேட், காலை வெயில். முடிஞ்சது ஜோலி.

உடலியல் வாத்தியார்

மொட்டைமாடியின் டேங்க் கணக்கை என் மாணவர்களே பரீட்சைத் தாளில் எழுதியிருக்கிறார்கள், சுழித்துச் சுழித்துக் கை வலித்திருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பது கேள்வியில் கால் பங்குகூட இல்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த ஏற்பியில் (நரம்பணுவின் மேல் அந்த ரசாயனம் வந்து ஒட்டும் புரதம்) போய் ஒட்டுகிறது என்பதுதான் பேச்சே.

தம்பி, முதலில் நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். கேள்வி காதில் விழுந்த சில நொடிகளில் நடப்பது வேறு, அரை மணியில் நடப்பது வேறு, மாதக்கணக்கில் நடப்பது வேறு.

நொடிக் கணக்கை இன்று சொல்கிறேன். மூளைத்தண்டில் லோக்கஸ் செருலியஸ் என்று ஒரு சின்ன நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்தால் ஏறத்தாழ 50,000 அணுக்கள்தான், ஆனால் அவற்றின் இழைகள் கிட்டத்தட்ட மூளை முழுக்கப் போகின்றன. மிரட்சி வந்தால் இவை நார்அட்ரினலின் என்ற, மூளையை உஷார்ப்படுத்தும் ரசாயனத்தைச் சுரக்கும். அளவாகச் சுரந்தால், நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணியில் ஆல்ஃபா-2ஏ என்ற ஏற்பிகளில் ஒட்டும். அப்போது கவனம் கூர்மையாகும், நாலு விஷயத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டு பேச முடியும். பரீட்சைக்கு முன்னால் லேசான படபடப்பு நல்லதுதான் என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

அளவு மிஞ்சினால்தான் வம்பு. சாதாரணமாக எளிதில் ஒட்டாத ஆல்ஃபா-1 ஏற்பிகளிலும் போய் ஒட்டத் தொடங்கும். அதே இடத்தில் டோபமைனும் கூடுதலாகச் சுரந்து டி1 ஏற்பிகளை வரம்பு மீறித் தூண்டும். (வடிவதில்லை மொட்டைமாடி, கூடுகிறது!) அந்த நரம்பணுக்களில் பொட்டாசியம் வாய்க்கால்கள் திறந்துகொள்ள, ஒன்றையொன்று தூண்டிக்கொண்டிருந்த அணுக்களின் தொடர்பு தளர்ந்துவிடும். யேல் பல்கலைக்கழகத்தில் ஏமி ஆர்ன்ஸ்டன் குரங்குகளையும் எலிகளையும் வைத்துப் பல ஆண்டுகள் செய்த வேலை இது. ஆல்ஃபா-2ஏ ஏற்பியைத் தூண்டும் குவான்ஃபசின் என்ற பழைய ரத்த அழுத்த மருந்து இன்று கவனக்குறைபாட்டுக் கோளாறுள்ள பிள்ளைகளுக்குத் தரப்படுவதற்கு அந்த ஆய்வுகளும் ஒரு காரணம்.

ஆக உங்கள் 73-ஆவது திருத்தம் எங்கும் அழிந்துபோகவில்லை. அதை எடுத்து வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டிய இடம் அப்போது வேலை நிறுத்தத்தில் இருந்தது, அவ்வளவே.

குரூப்1 கனவு

சார், ரொம்ப நன்றி. அப்படியானால் கார்டிசாலுக்கு இதில் வேலையே இல்லையா? நண்பன் சொன்னது முழுப் பொய்யா?

மருந்தாளுநர் செல்வி

வாத்தியார் சார் வருவதற்குள் நான் கொஞ்சம் சொல்கிறேன். நாகர்கோவிலில் மருந்துக்கடை, தினமும் இதே பேச்சுதான்.

கார்டிசால் மெதுவாகக் கிளம்பும் சரக்கு. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எச் என்ற ஹார்மோனை விடும், அது பக்கத்துப் பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய் ஏ.சி.டி.எச் என்ற இன்னொரு ஹார்மோன் வரும், அது ரத்தத்தில் இறங்கி சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தட்டும், அதற்கப்புறம்தான் கார்டிசால். நெருக்கடி தொடங்கி 20, 30 நிமிடம் ஆகும் ரத்தத்தில் உச்சத்துக்கு வர. சி.ஆர்.எச்சைக் கண்டுபிடித்த கதை தெரியுமா? அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் வைலி வேல் குழு 1981-இல் அதைப் பிரித்தெடுத்து 41 அமினோ அமிலங்கள் என்று சொன்னது. அதற்கு ஏறத்தாழ 4,90,000 ஆடுகளின் ஹைப்போதலாமஸ் துண்டுகள் தேவைப்பட்டன. அவ்வளவு துளியூண்டு அளவில் வேலை செய்கிற சாமான்.

தம்பி உள்ளே போன நிமிடத்தில் சுரந்த கார்டிசால் அதே நிமிடத்தில் காலை வாரியிருக்க முடியாது. ஆனால் வெளியே பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள்? ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும்போது வயிறு கலக்கியதா? அப்போதே ஏறியிருக்கும்.

குரூப்1 கனவு

அக்கா, காலையிலிருந்து மதியம் வரை. கடைசி ஆளுக்கு முந்தின ஆள் நான்.

உடலியல் வாத்தியார்

செல்வி அம்மா சரியாகப் பிடித்தார். 1998-இல் நேச்சர் இதழில் டி குவெர்வெய்ன், ரூசென்டால், மெக்காஃப் மூவரும் எழுதிய கட்டுரை ஒன்று இதற்கென்றே அளவெடுத்தது போல இருக்கும். தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் மேடை எங்கே என்று எலிகள் கற்றுக்கொள்கின்றன. மறுநாள் ஞாபகம் இருக்கிறதா என்று சோதிக்கும் முன் காலில் லேசான மின்னதிர்ச்சி. அதிர்ச்சி கொடுத்து 2 நிமிடத்தில் சோதித்தால் ஞாபகம் இருக்கிறது. 4 மணி நேரம் கழித்துச் சோதித்தாலும் இருக்கிறது. 30 நிமிடம் கழித்துச் சோதித்தால்தான் தடுமாறுகின்றன. எலிக்கு நம் கார்டிசாலுக்குப் பதில் கார்ட்டிகோஸ்டிரோன். அது சுரக்காமல் மருந்தால் தடுத்துவிட்டால் தடுமாற்றமும் இல்லை.

கற்றது அழியவில்லை என்பதை 4 மணி நேரக் கணக்கு காட்டுகிறது. எடுக்கும் வழி மட்டும் கொஞ்ச நேரம் அடைபடுகிறது. அதே கார்டிசால், நடந்துகொண்டிருக்கும் சம்பவத்தை ஆழமாகப் பதியவும் வைக்கிறது. அந்த அறையில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார், யார் என்ன முகம் காட்டினார் என்பதெல்லாம் உங்களுக்கு இன்னும் பத்து வருடம் மறக்காது. பாவம், 243-ஜி மட்டும் வராது.

சந்தேகப்பேர்வழி

நல்லா இருக்கு. எலிக்கு ஷாக் கொடுத்தான், எலி தடுமாறிச்சு. எலி குரூப் 1 எழுதுதா சார்? மனுஷனுக்கு இது பொருந்தும்னு எதை வெச்சு சொல்றீங்க?

உடலியல் வாத்தியார்

கேட்க வேண்டிய கேள்வி. அதே டி குவெர்வெய்ன் 2000-இல் மனிதர்களிடம் செய்தார். முந்தின நாள் சொற்களை மனப்பாடம் செய்ய வைத்து, மறுநாள் நினைவுகூரச் சொல்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கார்டிசோன் மாத்திரை. சொன்ன சொற்கள் குறைந்தன. படிப்பதற்கு முன்பு மாத்திரை கொடுத்தால் அந்தக் குறைவு இல்லை.

இன்டர்வியூவுக்கே நேரான சோதனை வேண்டுமா? ஜெர்மனியில் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-இல் ஒன்றை உருவாக்கினார்கள். உங்களை ஒரு வேலைக்கு விண்ணப்பித்தவராக நிற்க வைப்பார்கள். எதிரே குழு, கேமரா. ஐந்து நிமிடம் உங்களைப் பற்றிப் பேச வேண்டும். குழுவினர் சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது, அப்படிப் பயிற்சி. அடுத்து 1022-இலிருந்து 13, 13-ஆகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வார்கள். தப்பினால் "நிறுத்துங்கள், 1022-இலிருந்து மறுபடி" என்பார்கள். எச்சிலில் கார்டிசாலை அளந்தால் பெரும்பாலோருக்கு ஏறுகிறது. உலகம் முழுக்க இன்றும் ஸ்ட்ரெஸ் ஆய்வுக்கு இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நைட்ஷிப்ட் கோவை

நான் அந்த ஸ்ட்ரெஸ் பேக்கேஜ் எடுத்தவன். மில்லில் ராத்திரி ஷிப்ட். காலையில் வேலை முடிந்து நேராகப் போய் ரத்தம் கொடுத்தேன். கார்டிசால் பக்கத்தில் ஒரு மேல்நோக்கிய அம்புக்குறி போட்டு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தூக்கமே போச்சு. இது ஆபத்தா?

மருந்தாளுநர் செல்வி

அண்ணா, அந்த அம்புக்குறியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கார்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. விடியலில் ஏறி, எழுந்த அரை, முக்கால் மணியில் உச்சம், பிறகு இறங்கி நள்ளிரவில் அடிமட்டம். லேப் தாளில் போட்டிருக்கும் அளவு காலை 8 மணிக்கு, ராத்திரி தூங்கி எழுந்த ஆளுக்கு. ராத்திரி முழுக்க விழித்திருந்தவருக்கு அதை அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. ஊசிக்குப் பயந்தாலும் ஏறும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு, கார்டிசாலைச் சுமக்கும் புரதம் கூடுவதால் மொத்த அளவு கூடுதலாகவே காட்டும், உடம்பில் ஒன்றும் இருக்காது.

கார்டிசால் டெஸ்ட் எதற்கு என்றால் குஷிங் (கார்டிசால் மிஞ்சுவது), அடிசன் (அது குறைவது) மாதிரி நோய்களுக்கு. குஷிங் சந்தேகம் என்றால் மருத்துவர் நள்ளிரவு எச்சில், 24 மணி நேரச் சிறுநீர், இல்லை ராத்திரி 1 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் கொடுத்து மறுநாள் காலை ரத்தம், இப்படிப் பார்ப்பார். மனக்கவலையை அளக்க அந்த டெஸ்ட் வந்ததில்லை. குஷிங்கில் முகம் உப்பும், வயிற்றில் ஊதா வரிகள் வரும், தசை தளரும். அப்படி எதுவும் இருந்தால் உட்சுரப்பி மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் அந்தத் தாளை மடித்து உள்ளே வையுங்கள்.

ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள் எல்லாரும். கார்டிசால் வகை மருந்து மூளையைத் தொடும் என்பது எங்களுக்குக் கடையிலேயே தெரியும். பிரெட்னிசோனைப் பற்றி 1972-இல் பாஸ்டனில் எடுத்த கணக்கில், நாளுக்கு 40 மில்லிகிராம் வரை சாப்பிட்டவர்களில் 1.3 சதவீதம் பேருக்கு மனநிலைப் பாதிப்பு, 80-க்கு மேல் போனவர்களில் 18.4 சதவீதம். மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு போட்ட அப்பா ராத்திரியெல்லாம் தூங்காமல் பேசிக்கொண்டே இருந்தால் பேய் பிடித்ததென்று நினைக்காமல் எழுதிக்கொடுத்த டாக்டரைக் கூப்பிடுங்கள். அதற்காகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

சந்தேகப்பேர்வழி

சரி கார்டிசாலை விடுவோம். செரட்டோனின் குறைஞ்சா டிப்ரஷன்ங்கிற கதையே பொய்னு 2022-ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சே? அப்ப மாத்திரை எல்லாம் டுபாக்கூர்தானே?

உடலியல் வாத்தியார்

ஜோவன்னா மான்கிரீஃப் குழுவின் தொகுப்பாய்வு. செரட்டோனின் குறைவுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு நிலையான ஆதாரம் இல்லை என்றார்கள். அந்தப் பாதி பெரும்பாலும் சரி, எங்கள் துறையில் பலர் முன்பே அந்த எளிய கதையை விட்டிருந்தார்கள். மாத்திரை வேலை செய்கிறதா இல்லையா என்பது தனிக் கேள்வி, அந்தக் கட்டுரை அதை அளக்கவே இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைச் சட்டென்று நிறுத்த வேண்டாம். தலைசுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு எல்லாம் வரும்.

எனக்குப் பிடித்த சோதனையை இப்போது சொல்ல வேண்டும். கொலராடோவில் ஸ்டீவன் மையர் செய்தது. இரண்டு எலிகள், இரண்டின் வாலிலும் ஒரே மின்னதிர்ச்சி, ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் முடியும். முதல் எலியின் முன்னால் ஒரு சின்னச் சக்கரம். அதைச் சுற்றினால் இரண்டுக்குமே அதிர்ச்சி நிற்கும். இரண்டாவது எலியிடம் எதுவும் இல்லை, வருவதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வாங்கிய வலி இரண்டுக்கும் இம்மி பிசகாமல் ஒன்று.

பிறகு என்ன நடந்தது? கட்டுப்பாடு இல்லாத எலிக்கு மூளைத்தண்டில் டார்சல் ராஃபே என்ற இடத்தில் செரட்டோனின் அணுக்கள் வெறி பிடித்தாற்போல் இயங்குகின்றன. செரட்டோனின் குறையவில்லை ஐயா, கொட்டுகிறது! மறுநாள் தப்பிக்க வழி திறந்திருந்தும் அந்த எலி சுருண்டு கிடக்கிறது. சக்கரம் சுற்றிய எலிக்கு அப்படி இல்லை. அதன் முன்மூளை "இது என் கையில் இருக்கிறது" என்று கண்டுகொண்டு ராஃபேயை அடக்கிவிடுகிறது. 2005-இல் மையர் குழு அந்த முன்மூளைப் பகுதியை மருந்தால் தற்காலிகமாக முடக்கிப் பார்த்தது. சக்கரம் சுற்றி அதிர்ச்சியை நிறுத்திய எலியே, நிறுத்த முடியாத எலி போல நடந்துகொண்டது.

மொட்டைமாடி

டேங்க் வாபஸ். ஆனா டார்க் சாக்லேட்டை விட மாட்டேன்.

பருத்தித்துறை

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில இருந்து. எங்கட அப்பா சண்டைக் காலம் முழுக்க இங்கதான் இருந்தவர். இப்பவும் கோயில் திருவிழாவில வெடிச் சத்தம் கேட்டா உடம்பு தூக்கிப் போடும், கதவுப் பக்கம் ஓடுவார். சண்டை முடிஞ்சு இவ்வளவு காலம் ஆகியும் ஏன் மாறேல்லை? அவருக்கும் கார்டிசால் கூடத்தானே இருக்கும்?

உடலியல் வாத்தியார்

அம்மா, அப்பாவை நேரில் பார்க்காமல் நான் எதுவும் சொல்லக் கூடாது. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். போர் அனுபவத்துக்குப் பின் இப்படி அவதிப்படுகிறவர்களில் பலருக்குக் கார்டிசால் கூடுதலாக இருப்பதில்லை. வியட்நாம் போர் வீரர்களிடமும் யூத இனப்படுகொலையில் தப்பியவர்களிடமும் ரேச்சல் யெஹூதா பார்த்ததில் குறைவாகவே இருந்தது. மூளையில் கார்டிசாலை உணரும் ஏற்பிகள் கூடுதல் கூர்மையாகி, சுரப்பைச் சீக்கிரம் அடக்கிவிடுகின்றன என்பது அவர் தரும் விளக்கம். எல்லா ஆய்விலும் இது ஒரே மாதிரி வரவில்லை. ஆனாலும் "அதிக அதிர்ச்சி, அதிகக் கார்டிசால்" என்ற நேர்க்கோட்டை இது உடைத்துவிட்டது. அவர்களிடம் பெரும்பாலும் கூடியிருப்பது நார்அட்ரினலின் பக்கம். திடுக்கிடல், தூக்கத்தில் கெட்ட கனவு எல்லாம் அங்கிருந்து.

ஏன் மாறவில்லை என்பதற்குப் பெங்களூரிலேயே ஒரு பதில் கிடைத்தது. தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜி குழு எலிகளைத் தினம் 2 மணி நேரம், 10 நாட்கள் அசைய முடியாமல் வைத்தது. ஞாபகத்துக்கு வேண்டிய ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. பயத்துக்குரிய அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்தன. ஒரே உடம்பு, ஒரே ஹார்மோன், இரண்டு இடத்தில் எதிரெதிர் விளைவு. இது 2002. இரண்டு வருடம் கழித்து இன்னொன்று சொன்னார்கள். 21 நாட்கள் நிம்மதியாக விட்டால் ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்குத் திரும்புகிறது, அமிக்டலா திரும்புவதில்லை.

அப்பாவுக்கு இப்போதும் உதவி உண்டு. பயத்தை மெல்ல மெல்ல எதிர்கொள்ள வைக்கும் பேச்சுச் சிகிச்சைக்கு நல்ல பலன் இருக்கிறது. பக்கத்து ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் ஒரு தடவை காட்டுங்கள்.

பருத்தித்துறை

நன்றி ஐயா. அவர் "எனக்கென்ன விசரோ" எண்டு வரமாட்டார். அம்மாவை வைச்சுக் கதைச்சுப் பாக்கிறன்.

மருந்தாளுநர் செல்வி

ஹிப்போகாம்பஸ் கிளைகள் சுருங்கியதில் கார்டிசால் மட்டும் குற்றவாளி இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாமா சார்? குளூட்டமேட் என்ற தூண்டும் சிக்னல் அதிகமாவதும் காரணம். வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடாயினை எலிகளுக்குக் கொடுத்தபோது ஹிப்போகாம்பஸ் சுருங்கவில்லை என்று மெக்கியூவன் ஆய்வகம் 1992-லேயே எழுதியிருக்கிறது. அதற்காக யாரும் ஸ்ட்ரெஸுக்குப் பெனிடாயின் கேட்டு வராதீர்கள். தர மாட்டேன்.

அமுக்கரா (அஸ்வகந்தா) பற்றியும் உள்பெட்டியில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கார்டிசால் கொஞ்சம் குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. கல்லீரல் கெட்டதாகவும் பதிவுகள் உண்டு. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

குரூப்1 கனவு

படிக்கப் படிக்க வேறு பயம் வருகிறது. நான் பல வருடமாக இந்தப் படிப்பிலேயே கிடக்கிறேன். என் மூளை நிரந்தரமாகச் சுருங்கியிருக்குமா?

உடலியல் வாத்தியார்

2009-இல் கானர் லிஸ்டன் என்பவர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்களை எம்.ஆர்.ஐ கருவியில் வைத்துப் பார்த்தார். ஒரு மாதத் தயாரிப்புக்குப் பின், கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதில் தடுமாறினார்கள், முன்மூளைப் புறணியின் இணைப்புகளும் தளர்ந்திருந்தன. தேர்வு முடிந்து ஒரு மாத ஓய்வுக்குப் பின் அவர்களே வந்தபோது அந்த வித்தியாசம் இல்லை. ஒரு மாதத்தைப் பல வருடத்தோடு நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் இளம் மூளை திரும்பும். நடுவில் ஓய்வு கொடுங்கள், தூக்கத்தை வெட்டாதீர்கள்.

இன்டர்வியூவுக்கு என் யோசனை ஒன்றுதான், மாக் இன்டர்வியூ. சும்மா நண்பர்களோடு டீ குடித்துக்கொண்டு செய்வது இல்லை. ட்ரியர் சோதனையை 20 ஆண்களிடம் 5 நாட்கள் தொடர்ந்து செய்து பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு இரண்டாம் நாளே கார்டிசால் ஏற்றம் விழுந்துவிட்டது. சிலருக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் ஏறியது. நீங்கள் அந்தச் சிலரில் ஒருவரா என்பதும் மாக்கிலேயே தெரிந்துவிடும். கேள்வி வந்ததும் "ஒரு நிமிடம் யோசித்துச் சொல்கிறேன்" என்று கேட்டு வாங்கவும் அங்கேயே பழகுங்கள். அது உங்கள் கையில் இருக்கும் சக்கரம்.

குரூப்1 கனவு

சார், கடைசியாக ஒன்று. கோச்சிங் நண்பர் ஒருவர் இன்டர்வியூவுக்கு முன் ப்ரொப்ரனலால் என்ற, இதயப் படபடப்பைக் குறைக்கும் மாத்திரை போட்டால் கை நடுங்காது என்கிறார். போடலாமா? சின்ன வயதிலிருந்து எனக்கு வீசிங் உண்டு, அதைத் தவிர வேறு பிரச்சினை இல்லை.

மருந்தாளுநர் செல்வி

வீசிங் இருப்பவர் ப்ரொப்ரனலால் தொடவே கூடாது! மூச்சுக்குழாயை விரித்து வைத்திருக்கும் பீட்டா-2 ஏற்பியையும் அது சேர்த்து அடைக்கும். இழுப்பு வந்தால் இன்ஹேலர்கூடச் சரியாகக் கேட்காது. அந்த நண்பரிடமும் சொல்லுங்கள், சீட்டு இல்லாமல் யாருக்கும் சிபாரிசு செய்ய வேண்டாம் என்று. மனது ரொம்பக் கனமாக இருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

குரூப்1 கனவு

தொடவில்லை அக்கா. மாக் இன்டர்வியூவுக்கு ஆள் தேடுகிறேன். திருவண்ணாமலைப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

சந்தேகப்பேர்வழி

நான் போளூர்தான். ஞாயித்துக்கிழமை வாங்க, கூட ரெண்டு ரிட்டயர்டு தாசில்தாரைப் பிடிச்சு வைக்கிறேன். நாங்க மூணு பேரும் தலையாட்ட மாட்டோம், சிரிக்க மாட்டோம். ரெண்டு மணி நேரம் வெளித் திண்ணையில உட்கார வெச்சுட்டுத்தான் உள்ள கூப்பிடுவேன். 73-ஆவது திருத்தம் முதல் கேள்வி.